நம்பிக்கைகளும் உண்மைகளும்: கலீஃபாவின் அவையில் இரண்டு நாள் வாதம்

இஸ்லாமும் பிற மதங்களும் என்று பேச்செடுத்தாலே இரண்டு நம்பிக்கைகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. பிற மதத்தாரோடு உரையாட இஸ்லாத்தில் இடமே கிடையாது, இன்று நடக்கும் சமய உரையாடல்கள் எல்லாம் மேற்குலகின் நெருக்குதலால் வந்த புதுப் பழக்கம் என்பது ஒன்று. முஸ்லிம் ஆட்சிகளில் எல்லா மதத்தாரும் ஒரு குறையுமின்றிச் சரிசமமாக வாழ்ந்தார்கள், பகையெல்லாம் காலனியாதிக்கம் கொண்டுவந்தது என்பது இன்னொன்று. மேடைக்கு மேடை மோதிக்கொள்ளும் இந்த இரண்டும் ஒரே இடத்தில்தான் பிசகுகின்றன. உரையாடலையும் சம உரிமையையும் ஒன்றென்று நினைத்துவிடுகின்றன. பேச்சு நடந்திருந்தால் சமத்துவம் இருந்திருக்க வேண்டும், சமத்துவம் இல்லையென்றால் பேச்சே நடந்திருக்காது என்று முடிவு கட்டுகின்றன. நடந்த வரலாறு இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

8ஆம் நூற்றாண்டின் பக்தாதை எடுத்துக்கொள்வோம். 781ஆம் ஆண்டையொட்டி அப்பாஸியக் கலீஃபா அல்-மஹ்தியும், கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை முதலாம் திமொத்தேயுவும் இரண்டு நாள் நேருக்கு நேர் வாதிட்டார்கள். உபசார வார்த்தைகளோடு முடிந்த சந்திப்பல்ல அது. இவ்வளவு படித்த நீர், கடவுளுக்கு ஒரு பெண்ணிடத்தில் மகன் பிறந்தான் என்று எப்படிச் சொல்லலாம் என்பதிலிருந்தே கலீஃபா தொடங்கினார். முகம்மது நபியைப் பற்றி என்ன சொல்கிறீர் என்றும் கேட்டார். அரசவையில் அதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. சிலை வணக்கத்திலிருந்து மக்களைத் திருப்பி ஒரே இறைவனிடம் கொண்டுவந்ததால் அவர் இறைத்தூதர்கள் சென்ற வழியில் நடந்தவர் என்று திமொத்தேயு பதில் சொன்னார். ஆனால் தம் வேதத்தில் அவர் முன்னறிவிக்கப்பட்டிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார். இருட்டறையில் ஒரு முத்து விழுகிறது, எல்லோரும் தேடுகிறார்கள், கையில் சிக்கியது முத்தா கல்லா என்பது விடிந்த பிறகே தெரியும் என்று ஓர் உவமையும் அவர் வைத்தார். முத்து தம் கையில்தான் இருக்கிறது என்ற உறுதியை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கு நம்மிடமுள்ள சான்று திமொத்தேயுவே சுரியானி மொழியில் எழுதிய கடிதம். ஆகவே நல்ல பதில்கள் எல்லாம் அவருக்கே வாய்த்திருப்பதில் வியப்பில்லை. ஆனாலும் அவர் காட்டும் கலீஃபா விவரம் தெரிந்து கேள்வி கேட்கிறவர். மறுப்புக் கேட்டதும் வாளைத் தேடுகிறவர் அல்ல. ஏறத்தாழ அதே காலத்தில் மஹ்தி திமொத்தேயுவிடம் வேறொரு வேலையையும் ஒப்படைத்தார். அரிஸ்டாட்டிலின் ‘தொபிக்கா’வை அரபியில் பெயர்த்துத் தர வேண்டும் என்பது அந்த வேலை. வாதத்தில் எப்படிக் கேட்பது, எப்படி விடை சொல்வது என்று கற்பிக்கும் நூல் அது. தம்மோடு வாதிட்ட ஆயரிடமே வாதக்கலைக்கு நூல் கேட்ட அரசரை, உரையாடலுக்கு எதிரானவர் என்று சொல்வது கடினம்.

மஹ்தியின் தனிப்பட்ட ஆர்வம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. வேதம் வழங்கப்பட்டவர்களான யூதர், கிறிஸ்தவரோடு அழகிய முறையிலன்றி வாதிட வேண்டாம் என்கிறது திருக்குர்ஆனின் 29:46. வாதிடவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. தென் அரேபியாவின் நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவக் குழுவினர் மதீனாவில் நபியின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தொழுததாக இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாறு சொல்கிறது. இயேசுவைப் பற்றிய வாதத்தில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. குழுவினர் மதம் மாறவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு, தங்கள் மதத்தோடும் உடைமைகளோடும் ஊர் திரும்பினார்கள். எல்லா மதமும் ஒன்றே என்று சொல்லி முடிக்கும் இன்றைய மேடை நல்லிணக்கத்துக்கு இந்த மரபில் வேர் இல்லை. வேற்றுமையை வைத்துக்கொண்டே பேசுவதற்கு இருக்கிறது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். கலீஃபாவின் தயவில் பதவி வகித்த ஒருவர் அவரோடு வாதிட்டது எப்படிச் சுதந்திரமான உரையாடலாகும்? நியாயமான கேள்விதான். இதற்கு அரசவைக்கு வெளியேயிருந்துதான் சான்று வேண்டும், அதுவும் இந்தப் பழக்கத்தைப் பிடிக்காத ஒருவரிடமிருந்து கிடைத்தால் நல்லது. அப்படி ஒன்று இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஸ்பெயினான அந்தலுஸிலிருந்து பக்தாதுக்கு வந்த ஒரு மார்க்க அறிஞர் அங்கே வாத சபைகளுக்குப் போனார். முஸ்லிம்களோடு யூதர், கிறிஸ்தவர், மஜூஸிகள் எனப்பட்ட ஜரதுஷ்டிர மதத்தார், நாத்திகர் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எந்த மதத்துத் தலைவர் உள்ளே வந்தாலும் அவையே எழுந்து மரியாதை செய்தது. குர்ஆனையோ நபிமொழியையோ மேற்கோள் காட்டி எங்களோடு வாதிடாதீர்கள், நாங்கள் அவற்றை நம்பவில்லை, அறிவைக் கொண்டு பேசுவோம் என்பது அங்கே பேசி வைத்த விதி. அந்த அறிஞர் அருவருத்துப்போனார். இரண்டு முறைக்கு மேல் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை, ஊர் திரும்பும் வழியில் வட ஆப்பிரிக்காவின் கைரவானில் இதைக் குறையாகச் சொன்னார். புகழ்ந்து எழுதியவரின் வார்த்தையைவிட இந்தக் குறைகூறல்தான் நம்பகமான சாட்சி.

திமொத்தேயுவின் திருச்சபையோடு நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. இந்தியக் கிறிஸ்தவர்கள் அதன் ஆளுகைக்குள் இருந்தவர்கள். சேர மன்னன் தாணு ரவியின் காலத்தில், 849இல், கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் கூஃபி அரபியிலும் பழைய பாரசீகமான பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. ஒரு மாதா கோயிலின் உரிமைக்கு முஸ்லிம் வணிகர்கள் சாட்சி போட்டிருக்கிறார்கள்.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். திமொத்தேயுவோடு பொறுமையாகப் பேசிய அதே மஹ்திதான், பாரசீகத்தில் மானி என்பவர் தோற்றுவித்த மதத்தாரைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதற்கென்றே ஓர் அதிகாரியை நியமித்தவர். கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் சட்டத்தில் ஓர் இடம் இருந்தது, மானியின் சீடர்களுக்கு இல்லை. கவிஞர் பஷ்ஷார் இப்னு புர்து மஹ்தியின் ஆட்சியில்தான் அடித்துக் கொல்லப்பட்டார். சொல்லப்பட்ட குற்றம் சமயப் புரட்டு. அவர் பாடிய வசைதான் உண்மைக் காரணம் என்பாரும் உண்டு. இடம் பெற்றவர்களின் நிலையும் சமநிலை அல்ல. 9:29ஆம் வசனத்தின் அடிப்படையில் அவர்கள் ஜிஸ்யா என்ற தலைவரி கட்ட வேண்டியிருந்தது. படைச் சேவைக்கு ஈடாகத்தான் அந்த வரி, முஸ்லிம்கள் ஸகாத் என்ற கட்டாயத் தர்மம் கொடுக்கவில்லையா என்று சமாதானம் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. ஆரம்பகால ஒப்பந்தங்கள் சிலவற்றில் வரி பாதுகாப்போடு இணைத்தே பேசப்படுகிறது. ஆனால் உடை, வாகனம், புதுக் கோயில் கட்டுவது ஆகியவற்றின் மீது சட்ட நூல்கள் விதித்த தடைகளுக்குப் படைச் சேவை விளக்கமாகாது. பின்வந்த கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் தலைமைக் காஜி அபூ யூசுஃப் தம் வரி நூலில் பெண்கள், குழந்தைகள், ஏழைகள் ஆகியோருக்கு விலக்குத் தருகிறார். ஜிஸ்யாவுக்காக யாரையும் அடிக்காதீர்கள், வெயிலில் நிறுத்தாதீர்கள் என்றும் வற்புறுத்துகிறார். கருணையுள்ள அறிவுரைதான். அப்படி நிறுத்தி வைத்தவர்கள் இருந்ததால்தானே எழுத வேண்டி வந்தது.

எல்லா ஆட்சியும் ஒன்றுபோல் இருக்கவில்லை என்பதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கை போதும். 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹாதுகள் என்ற முஸ்லிம் அரச மரபினர் ஸ்பெயினின் கொர்தோபாவைப் பிடித்து, யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் இருந்த பாதுகாப்பை நீக்கியபோது, யூத அறிஞர் மைமோனிதேஸின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. கடைசியில் அவர் நிலைகொண்டது எகிப்தில். சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதிலின் ஆதரவில் வைத்தியராக வாழ்ந்து, யூதச் சட்டத்தின் மாபெரும் தொகுப்பை அங்கேதான் முடித்தார். அவரை ஓடவைத்ததும் முஸ்லிம் ஆட்சி, வாழவைத்ததும் முஸ்லிம் ஆட்சி. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்து ‘இஸ்லாம் இதுதான்’ என்று காட்டுபவர் மற்றதை மறைக்கிறார்.

இன்னொரு ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் கூடாது என்னும் 2:256ஐ எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், இஸ்லாத்தை விட்டு வெளியேறுகிறவரின் கதி என்ன? பழைய சட்ட அறிஞர்கள் அந்த வசனத்தை உள்ளே வருவதற்கே பொருத்தினார்கள். வெளியேறும் ஆணுக்கு மத்ஹபு எனப்படும் நான்கு ஸுன்னி சட்ட மரபுகளும் மரண தண்டனையைச் சொல்லின. இன்றும் சில நாடுகளின் சட்டத்தில் அது இருக்கிறது. எகிப்தின் அல்-அஸ்ஹர் கல்வி நிலையத்தின் தலைவராக இருந்த மஹ்மூது ஷல்தூத், நம்பிக்கையின்மை மட்டுமே ஒருவரைக் கொல்வதற்குக் காரணமாகாது என்ற கருத்தை முன்வைத்தார். வசனத்தின் நேர்ப்பொருளுக்கு அவரே நெருக்கமாக நிற்கிறார் என்பது என் எண்ணம். ஆனால் பழைய தீர்ப்பே இல்லாததுபோலப் பேசுவது அவருடைய வேலையையும் சேர்த்து மறைப்பதாகும்.

ஈராக்கின் மொசூலைப் பிடித்திருந்த ஐ.எஸ். அமைப்பு 2014 ஜூலையில் அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கு மதம் மாறு, ஜிஸ்யா கட்டு, இல்லாவிட்டால் வாள் என்று கெடு வைத்தது. திமொத்தேயுவின் காலத்துக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்துவந்த சமூகங்கள் ஊரைக் காலி செய்தன. இரண்டே மாதத்தில் 126 முஸ்லிம் அறிஞர்கள் அந்த அமைப்பின் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கிறிஸ்தவர்கள் உங்களோடு போரிட்டவர்கள் அல்ல, அவர்கள் மீது 9:29ஐ ஏவ முடியாது என்பது அதில் ஒரு வாதம். 2016 ஜனவரியில் மொராக்கோவின் மராக்கேஷில் 250க்கும் மேற்பட்ட உலமாக்களும் சிந்தனையாளர்களும் கூடி வெளியிட்ட பிரகடனம் இன்னும் ஒரு படி போனது. ஜிஸ்யாவை ஒதுக்கிவிட்டு, யூதரையும் ஒரே அரசியல் சமூகத்துக்குள் சேர்த்த, நபி காலத்து மதீனா சாசனத்தை அது அடித்தளமாக எடுத்துக்கொண்டு குடியுரிமை பேசியது. பக்தாதில் வாதிட இடம் கிடைத்தவருக்குக் கிடைக்காமல் போனது இந்தக் குடியுரிமைதான். பிரகடனம் எந்த நாட்டிலும் சட்டமாகிவிடவில்லை; அதன் கவனம் முழுக்கச் சிறுபான்மையினரின் மேல், மதம் மாறுகிறவரின் மேல் அல்ல.