பட்டறையில் இரண்டு உருளைகள்

மைசூருக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் குண்டலுபேட்டை அமைந்துள்ளது. முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு முதல் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர்க் காட்டின் வழியே உதகைக்குச் செல்கிறது; மற்றொரு சாலை அக்காட்டைக் கடந்து கேரளத்தின் வயநாட்டுக்குச் செல்கிறது. வனவிலங்குகளைக் காக்கும்பொருட்டு, 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை இக்காட்டுச் சாலைகளில் போக்குவரத்து தடுக்கப்பட்டுள்ளது. பகலிலும் காட்டின் நடுவே வண்டியை நிறுத்தி இறங்குதல் கூடாது. ஆகவே, ஓட்டுநர்கள் காட்டுக்குள் நுழையுமுன் சக்கரங்களின் காற்றைச் சரிபார்த்துக்கொள்வர்.

அவ்வூரில், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த ஒரு குடும்பம் வாழ்ந்தது. தந்தை மாலை வேளைகளில் வீட்டின் முன்புறக் கொட்டகையையே பட்டறையாக்கி, வண்டிகளுக்குக் காற்றடைப்பதும் சிறு பழுதுகள் நீக்குவதுமாக இருந்தார். ஏழாம் வகுப்பில் பயிலும் மகள் அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பாள். விடுமுறைக் காலத்தில் ஊரிலிருந்து தாத்தாவும் வந்திருந்தார்.

ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் கீரைக்கட்டுகளை ஏற்றிய சிறு சரக்கு வண்டி ஒன்று பட்டறை முன் வந்து நின்றது. பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. "ஐயா, ஒன்பது மணிக்குள் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டும்" என்றார் ஓட்டுநர். தந்தை விரைந்தார். ஆனால், தரையில் கிடந்த காற்றுக்குழாயும் மின்வடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. முடிச்சை அவிழ்க்க முயன்றபோது, வடம் இழுபட்டு மின்செருகி கழன்றது. கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தி நின்றுபோயிற்று. குழாயிலும் ஓரிடத்தில் மடிப்பு விழுந்து காற்று செல்லவில்லை. எல்லாம் சரியாகி வண்டி புறப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. ஓட்டுநர் அன்றிரவைச் சாவடியருகே வண்டியிலேயே கழித்தார். காலையில் கீரை வாடிப்போயிருந்தது.

மறுவாரம் அதே ஓட்டுநர் வந்து இச்செய்தியைச் சொன்னார். அவர் யாரையும் குறைகூறவில்லை. எனினும், தந்தைக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த மாத இறுதியில் அவர் இரண்டு சுருட்டுருளைகளை வாங்கிவந்து பட்டறையில் பொருத்தினார். ஒன்று காற்றுக்குழாய்க்கு, மற்றொன்று மின்வடத்துக்கு.

மகள் வியப்புடன், "இழுத்தால் வருகிறது, விட்டால் தானே திரும்பிப் போகிறது. உள்ளே மோட்டார் இருக்கிறதா, அப்பா?" என்று வினவினாள்.

"மோட்டார் இல்லை. உருளைக்குள் எஃகுப் பட்டை ஒன்று சுருளாக இருக்கிறது. அதற்குச் சுருள்வில் என்று பெயர். நீ குழாயை இழுக்கும்போது உருளை சுழன்று அந்தச் சுருள்வில்லை இறுக்குகிறது. உன் கையின் உழைப்பே அதில் ஆற்றலாகச் சேர்கிறது. வேண்டிய நீளம் வந்ததும், பற்சக்கரத்தில் ஒரு தடுப்பு விழுந்து உருளையை நிறுத்துகிறது. மீண்டும் சிறிது இழுத்தால் தடுப்பு விலகும். அப்போது சுருள்வில் விரிந்து குழாயைத் தானே சுருட்டிக்கொள்ளும்" என்றார் தந்தை.

உருளை சுழலும்போது, சுவரிலிருந்து அதற்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய் முறுக்கிக்கொள்ளாதிருக்க வேண்டும். அதற்காக உருளையின் நடுவே சுழல் இணைப்பு உள்ளது. அதிலுள்ள இரப்பர் வளையம் காற்று கசியாமல் காக்கிறது. மின்வட உருளையில் உலோக வளையங்கள் உள்ளன. அவற்றின்மீது உரசி நிற்கும் தொடுமுனைகள் வழியே, உருளை சுழன்றாலும் மின்சாரம் தடையின்றிச் செல்கிறது.

மூன்றாம் நாள், மகள் குழாயை இழுத்துவிட்டுத் தடுப்பை விலக்கினாள். பிறகு, அது தானே போகட்டும் என்று கையை விட்டாள். பத்து மீட்டர்க் குழாய் பாம்பைப் போல நெளிந்து பாய்ந்தது. அதன் நுனியிலிருந்த பித்தளை முனை துள்ளி, சுவரில் மாட்டியிருந்த விளக்கின் கண்ணாடியை உடைத்தது. அவள் தலைக்கும் விளக்குக்கும் இடையே இருந்தது ஒரு முழந்தான்.

தந்தை திகைத்து நின்றார். தாத்தா அவளை அருகில் அழைத்து அமர்த்தினார். "கண்ணு, நம் ஊரில் கிணற்றில் நீர் இறைக்கும்போது இராட்டினத்துக் கயிற்றை எப்படி விடுவோம்?"

"கை மாற்றி மாற்றி, மெல்ல விடுவோம், தாத்தா."

"ஏன்?"

"கையை விட்டால் குடம் விழுந்து நசுங்கிவிடும். கயிறு கையையும் அறுத்துவிடும்."

"இதுவும் அந்தக் கயிறுதான். நுனியைக் கையில் பிடித்தபடி உருளை வரை நடந்து போ. அது இழுக்கும் வேகத்தை உன் நடை முடிவு செய்யட்டும்."

அன்று தந்தை மற்றொரு செய்தியையும் விளக்கினார். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரை அவர் இயக்கும்போதெல்லாம், அருகிலேயே வேலை இருந்தாலும் மின்வடம் முழுவதையும் உருளையிலிருந்து வெளியே இழுத்துவிடுவார். மகளுக்கு அது வீண்வேலையாகத் தோன்றியது. "மின்சாரம் பாயும் கம்பி சூடாகும். 230 வோல்ட்டில் 1150 வாட் திறனுள்ள கருவி ஏறக்குறைய 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால், கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். விரிந்து கிடக்கும் வடத்தின் வெப்பத்தைக் காற்று ஆற்றிவிடும். சுருண்டிருந்தால் ஒரு சுற்றின் வெப்பம் மறு சுற்றில் சேரும், உறை உருகித் தீப்பற்றவும் கூடும்" என்றார் அவர்.

காற்றும் விளையாட்டுப் பொருளன்று. கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1 பார். சிறு பட்டறையின் காற்றழுத்தியில் அது 8 பார் வரை ஏறக்கூடும். அக்காற்றை ஒருவர் மீது பாய்ச்சினால் கண்ணும் செவியும் கெடும். காயத்தின் வழியே உடலுக்குள்ளும் புகும். ஆகவே, உடையில் படிந்த தூசியைத் தட்டவும் அதைப் பயன்படுத்தலாகாது. குழாயைக் கழற்றுமுன் அடைப்பானை மூடி, உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். உருளையின் மூடியைத் திறத்தலும் ஆகாது. இறுகிய சுருள்வில் விடுபட்டால் கையைக் கிழித்துவிடும்.

சில நாள்களுக்குப் பின், எட்டரை மணிக்கு அதே சரக்கு வண்டி வந்தது. தந்தை குழாயை இழுத்தார், அழுத்தமானியைப் பார்த்துக் காற்றடைத்தார், அடைப்பானை மூடினார். மகள் பித்தளை முனையைப் பிடித்துக்கொண்டு, உருளையை நோக்கி ஒவ்வோர் அடியாக நடந்தாள். குழாய் ஓசையின்றிச் சுருண்டது. தரையில் கால் தடுக்க ஒன்றுமில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது, வண்டியின் சிவப்பு விளக்குகள் உதகைச் சாலையில் சென்றுகொண்டிருந்தன. மணி எட்டு நாற்பது.

சொற்பொருள்

பட்டறை – கைத்தொழில் செய்யும் இடம்
மின்வடம் – மின்சாரம் செல்லும் உறையிட்ட கம்பி
இராட்டினம் – கிணற்றில் கயிறு ஓடும் உருளை
அழுத்தமானி – காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி
முழம் – முழங்கை முதல் விரல் நுனி வரையுள்ள நீளம்

சொல் அறிவோம்

தமிழில் 'காற்று' எனப்படுவதைக் கன்னடத்தில் 'காளி' என்பர். இதன் முதலெழுத்தைத் 'தங்கம்' என்னும் சொல்லில் வரும் ககரத்தைப் போல ஒலிக்க வேண்டும். பழந்தமிழில் 'கால்' என்னும் சொல்லுக்கும் காற்று என்னும் பொருள் உண்டு. இம்மூன்று சொற்களும் உறவுடையவை.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஓட்டுநர்கள் காட்டுக்குள் நுழையுமுன் காற்றைச் சரிபார்ப்பது ஏன்?
2. சுருள்வில்லில் சேரும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?
3. கிரைண்டரை இயக்கும்போது மின்வடம் முழுவதையும் இழுத்துவிடுவது ஏன்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. குழாய் முறுக்கிக்கொள்ளாமல் காப்பது ______ இணைப்பு.
2. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் ______ மடங்காகும்.

இ. பிரித்து எழுதுக.
1. காற்றழுத்தி
2. மின்னோட்டம்
3. சுருட்டுருளை

ஈ. சிந்தித்து எழுதுக.
தாத்தா கிணற்றுக் கயிற்றை எடுத்துக்காட்டியது ஏன்? உன் வீட்டுப் பெரியவர்கள் தம் ஊரில் செய்த ஒரு வேலையைக் கேட்டறிந்து, அதிலிருந்து நீ கற்றுக்கொண்டதைப் பத்து வரிகளில் எழுதுக.