மீட்பு ஊர்தியும் பொதுப்பணமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அண்டை நகரங்களாய் அமைந்துள்ளன. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் துணி நெய்வதில் பெயர் பெற்ற ஊர். எனினும், காயமுற்றவனுக்குக் கட்டுத்துணி மட்டும் போதுமோ? அவனைக் காலத்தே மருத்துவமனை சேர்க்கும் ஊர்தியும் வேண்டுமன்றோ? அதன் செலவை ஏற்க வேண்டியவர் யார்?

இங்கிலாந்தில் 1824ஆம் ஆண்டு, கடலில் தத்தளிப்போரைக் காக்கும் உயிர்மீட்புப் படகுச் சங்கம் தோன்றியது. 1854 முதல் 1869 வரை அஃது அரசின் பொருளுதவியைப் பெற்றது. அரசுப்பணம் வரவே மக்களின் நன்கொடை குறைந்தது. அதிகாரிகளின் தலையீடு மிகுந்தது. ஆதலின், சங்கம் அவ்வுதவியைத் துறந்தது. இன்றும் அதன் படகுகள் பெரும்பாலும் நன்கொடையாலேயே இயங்குகின்றன.

தமிழகம் வேறு வழி கண்டது. 2008 செப்டம்பரில் இங்குத் தொடங்கப்பெற்ற 108 ஊர்திப் பணியை நடத்துவது இலாப நோக்கமற்ற நிறுவனம். செலவை ஏற்பது அரசு. அழைப்பவர் காசு தர வேண்டுவதில்லை.

இவ்வழியே நம் நாட்டிற்குப் பொருந்தும். நன்கொடை விழாக்காலத்தில் பெருகும். விபத்துக்குத் திருநாள் ஏது? மேலும், வள்ளல்கள் வாழும் நகரம் தன் ஊர்தியைத் தானே பேணிக்கொள்ளும். மலையடிவாரச் சிற்றூர் என் செய்யும்? 2015 மே மாதம் சதுரகிரி மலைக்குச் சென்ற அடியார்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர், பலர் உயிரிழந்தனர். அம்மலைக்கு வருவோர் பல மாவட்டத்தினர். அவர்களை மீட்கும் செலவை எந்த ஊரின் உண்டியலில் எழுதுவது?

ஆயினும், அந்த ஆங்கிலச் சங்கத்தின் அச்சம் பொய்யன்று. கொடையாளர் கேட்டுவந்த கணக்கை, அரசு பணம் தருமிடத்தில் குடிமக்களே கேட்டல் வேண்டும்: அழைப்பு வந்தது எப்போது, ஊர்தி சேர்ந்தது எப்போது என்று.