முன்னால் நிற்பவர்கள்

கேள்வி: லண்டனில் கோடைதோறும் நடக்கும் ‘ப்ராம்ஸ்’ இசைவிழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மேடைக்கு நேர் எதிரே நாற்காலியே இல்லை. ஒரு கூட்டம் நின்றபடியே கேட்கிறது. நம் சபாக்களில் முன்வரிசைக்குத்தானே மவுசு? அங்கே மட்டும் ஏன் இப்படி?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். டிக்கெட் தீர்ந்தபின் வந்தவர்களை நிற்க வைத்திருக்கிறார்கள் என்றே பலரும் நினைப்பார்கள். விஷயம் நேர்மாறானது. விழா நடக்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலின் தரைத்தளத்தில் மற்ற நாட்களில் நாற்காலிகள் உண்டு. இந்த விழாவுக்கென்றே அவற்றை எடுத்துவிடுகிறார்கள். நிற்பவர்களுக்குத் தனி டிக்கெட். விலையும் மிகக் குறைவு.

ப்ராம்ஸ் என்பது ‘ப்ராமனேட் கச்சேரிகள்’ என்பதன் சுருக்கம். உலாவிக்கொண்டே கேட்கும் கச்சேரி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் வாக்ஸ்ஹால் போன்ற கேளிக்கைத் தோட்டங்களில் வாத்தியக் குழு வாசிக்க, ஜனங்கள் நடந்தபடி கேட்டார்கள். பிறகு அந்தப் பழக்கம் அரங்குகளுக்குள்ளும் வந்தது.

இன்றைய விழாவைத் தொடங்கியவர் ராபர்ட் நியூமன், குவீன்ஸ் ஹால் என்ற அரங்கின் மேலாளர். சாஸ்திரீய இசையைச் சாமானியர் கேட்க வேண்டும். எளிய உருப்படிகளில் தொடங்கி, கனமானவற்றுக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கோடையைத் தேர்ந்ததிலும் கணக்கு உண்டு. ஆகஸ்டில் லண்டன் பணக்காரர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். வழக்கமான கச்சேரி சீசன் முடிந்து அரங்கு சும்மா கிடக்கும். நாற்காலியை எடுத்தால் கூடுதல் பேர் கொள்ளும், கட்டணத்தையும் குறைக்கலாம். 1895 ஆகஸ்ட் 10 அன்று முதல் கச்சேரி நடந்தது. நிற்க ஒரு ஷில்லிங். சீசன் முழுவதற்கும் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். தின்னலாம், குடிக்கலாம், புகையும் பிடிக்கலாம். பாட்டு நடக்கும்போது தீக்குச்சி உரசாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்!

இதற்குப் பணம் போட்டவர் ஜார்ஜ் கேத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். அவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். ஒன்று, 26 வயது ஹென்றி வுட்தான் நடத்துநராக இருக்க வேண்டும். நடத்துநர் என்றால் கையசைத்து வாத்தியக் குழுவை வழிநடத்துபவர். இன்னொன்று, சுருதியைக் குறைக்க வேண்டும். ஐரோப்பாவின் மற்ற இடங்களைவிட அன்றைய இங்கிலாந்தில் சுருதி கூடுதல். அது பாடகர்களின் தொண்டையைக் கெடுக்கிறது என்பது மருத்துவரின் கட்சி. ஆனால் குழல் வாத்தியங்களைத் தம்பூரா போல முறுக்கிக் குறைத்துவிட முடியாதே! புது வாத்தியம் வாங்க எங்களிடம் பணமில்லை என்றார்கள் கலைஞர்கள். கேத்கார்ட் பெல்ஜியத்திலிருந்து தருவித்து இரவல் கொடுத்தார். ஒரு சீசன் முடிந்ததும், இந்தச் சுருதிதான் இனி நிலைக்கும் என்று கண்டு, அவற்றை அவர்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். ரசிகர்கள் நின்றதைவிட இதுதான் பெரிய புரட்சி என்பேன்.

1902இல் நியூமன் திவாலானார். வேறு புரவலர்கள் தாங்கிப் பிடித்தார்கள், 1927இல் பி.பி.சி. பொறுப்பேற்றது. 1941 மே மாதம் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் எரிந்துபோனது. அந்தக் கோடையிலேயே விழா ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. 1895இல் தொடங்கிய வுட், தாம் இறந்த 1944ஆம் ஆண்டு வரை நடத்தினார்.

இப்போது யாரும் உலாவுவதில்லை, புகைப்பதுமில்லை. அசையாமல் நிற்கிறார்கள். சீசன் டிக்கெட் வாங்கி ஆண்டுதோறும் வருபவர்கள் அங்கே உண்டு. உட்கார்ந்திருப்பவர்களைவிடத் தாங்களே உண்மையான ரசிகர்கள் என்ற சிறு கர்வமும் அவர்களுக்கு உண்டு. அது நியாயம்தான்.

கோடையில் லண்டன் போகும் வாய்ப்பு வந்தால் நிற்கும் டிக்கெட்டையே வாங்குங்கள். கால் வலிக்காத செருப்பு முக்கியம்.