இருட்டில் வளரும் பவளம்

கேள்வி: வெயில் எட்டாத ஆழ்கடலிலும் பவளம் உண்டா? அதை எப்படி ஆராய்கிறார்கள்?

பதில்: உண்டு. ஆழமற்ற கடலின் பவளப்பாறைகளுக்கு உடலுக்குள் குடியிருக்கும் பாசி சோறு போடுகிறது. ஆழ்கடல் பவளத்துக்கு அந்த வசதி கிடையாது. நீரோட்டம் கொண்டுவரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்றே பிழைக்கிறது. வளர்ச்சியோ மகா மந்தம். ஹவாய் அருகே எடுத்த ஒரு கரும்பவளத்தின் வயது 4,000 ஆண்டுகளுக்கும் மேல்!

முக்குளிப்போர் இறங்க முடியாத ஆழம். எனவே கப்பலிலிருந்து வடத்தில் ஆளில்லாக் கலத்தை இறக்கி, திரையைப் பார்த்தபடியே இயந்திரக் கையால் ஒரு சிறு கிளையை மட்டும் நறுக்கி, மூடியுள்ள பெட்டியில் வைக்கிறார்கள்.

இந்த ஆய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துளைமேடை வெடித்து எண்ணெய் கொட்டியது. நவம்பரில் ‘ரொனால்ட் எச். பிரவுன்’ ஆய்வுக் கப்பலில் உயிரியலாளர் சார்லஸ் ஃபிஷரின் குழு அங்கே சென்றது. அந்த மேடை துளைத்த எண்ணெய்க் கிணற்றுக்குத் தென்மேற்கே 11 கி.மீ. தள்ளி, சுமார் 1,370 மீட்டர் ஆழத்தில், பவளங்களைப் பழுப்புப் படலம் மூடியிருந்தது. கிளைகளில் சதை உரிந்து, சளி கசிந்தது. படலத்தில் இருந்தது அதே கிணற்று எண்ணெய்தான் என்பதை வேதிச் சோதனை காட்டியது. பின்னர் அதே கிளைகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். லேசாகப் பாதிக்கப்பட்டவை ஓரளவு தேறின. மோசமாக மூடப்பட்டவற்றின் மேல் வேறு சிற்றுயிர்கள் படரத் தொடங்கின.