விண்மீன்கள் வரைந்த கோடுகள்



விண்மீன்கள் வட்டவட்டமாகக் கோடு வரைந்தாற்போன்ற நிழற்படங்களை நூல்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய படமொன்றை நம் தோட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்னும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. டிசம்பர் மாதத்தில் நிலவற்ற ஓரிரவு, மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு பள்ளித் திடலுக்குச் சென்றேன்.

விண்மீன்கள் ஓடுவதாக நமக்குத் தோன்றினும், சுழல்வது நாம் வாழும் பூமியே. அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகிறது. ஆகவே விண்மீன்கள் நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் மேற்கு நோக்கி நகர்வதாகக் காண்கிறோம். காமிராவின் கண் நெடுநேரம் திறந்திருந்தால் அந்நகர்வு ஒளிக்கோடாகப் பதியும். ஃபிலிம் சுருள் வழங்கிய காலத்தில் ஒரே படத்திற்காக ஒரு மணிநேரம் திறந்து வைத்தனர். இன்றைய காமிராவில் 30 விநாடிப் படங்களை இடைவிடாது எடுத்து, பின்னர்க் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பது எளிது. ஒரு மணிநேரத்திற்கு 120 படங்கள் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

கணக்கு எளிதாயிற்று, செயல் எளிதாகவில்லை. காமிரா தானே தெளிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். இருளில் அதற்கு ஒன்றும் புலப்படவில்லை. முதற் படங்களில் விண்மீன்கள் யாவும் பஞ்சுப் பொதிகளாய் இருந்தன. பிறகு தொலைவில் தெரிந்த ஆலை விளக்கை நோக்கித் தெளிவைக் கையாலேயே சரிசெய்து, அப்படியே நிறுத்திவிட்டு, காமிராவைக் கிழக்கே திருப்பினேன். அதற்குள் கண்ணாடியில் பனி படர்ந்துவிட்டது. நம் நாட்டு ஈரக்காற்றில் மெல்லிய துணியொன்று கையில் இல்லாமல் இவ்வேலைக்குப் புறப்படலாகாது.

கிழக்கே வேட்டைக்காரன் என்னும் விண்மீன் கூட்டம் எழுந்து நின்றது. நம் முன்னோர் திருவாதிரை என்றழைத்த செம்மீன் அதிலேதான் உள்ளது. (மார்கழித் திருவாதிரை நாளில் முழுநிலவு அம்மீனருகே நிற்குமாதலால், இப்படம் எடுக்க அவ்விரவு ஆகாது.) அதன் இடுப்பில் மூன்று மீன்கள் வரிசையாக இருக்கும்.

"வாத்தியாரே, இருட்டில் யாரைப் படம் பிடிக்கிறீர்கள்?" என்று வினவியவாறே ஜாகா தாத்தா வந்தார். காரணத்தைக் கூறியதும், அம்மூன்று மீன்களையும் சுட்டிக்காட்டி, "பால்மரக் காலத்தில் பெரட்டுக்கு எழும்ப இவைதாம் எனக்குக் கடிகாரம்" என்றார். அவர் அழைக்கவே, காமிராவை அப்படியே இயங்க விட்டு, தேநீர் அருந்தச் சென்றேன்.

மறுநாள் படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்குப் பெரும் ஏமாற்றம். வட்டம் ஒன்றுகூட இல்லை! மூன்று மீன்களும் மூன்று நேர்கோடுகளாய், ஏறக்குறைய செங்குத்தாக மேலேறியிருந்தன. எங்கோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணினேன். உலக உருண்டையைச் சுழற்றிப் பார்த்த பின்னரே உண்மை விளங்கிற்று. விண்மீன்கள் துருவ மீனை நடுவாகக் கொண்டு வட்டமிடுகின்றன. இலண்டனில் அத்துருவ மீன் 51 பாகைக்கும் மேலான உயரத்தில் நிற்கும். ஆதலால் வட்டங்கள் முழுமையாகத் தெரியும். ஈப்போவிலோ அதன் உயரம் ஏறத்தாழ நாலரைப் பாகைதான். செம்பனை மரங்களே அதனை மறைத்துவிடும். நிலநடுக்கோட்டின் அருகே வாழும் நமக்குக் கிழக்கில் உதிக்கும் மீன்கள் நேராகவே ஏறும். அந்நூற் படங்கள் வேற்று நாட்டு வானத்தைக் காட்டின. என் படம் நம் வானத்தைக் காட்டிற்று.

மற்றொன்றும் கண்டேன். கோட்டின் நீளம் 15 பாகை இருத்தல் வேண்டும். இருந்ததோ 10 பாகையே. கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ அவ்வளவு. 10 பாகை என்றால் 40 நிமிடம். படங்களை எண்ணினேன், சரியாக 80. நான் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோதே மின்கலம் தீர்ந்துவிட்டிருக்கிறது!

படத்தை ஜாகா தாத்தாவிடம் காட்டினேன். நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "செம்மீனின் கோடும் சிவப்பாகவே இருக்கிறதே" என்றார். அடுத்த நிலவற்ற இரவில் தெற்கு நோக்கி எடுக்கவிருக்கிறோம். இரண்டு மின்கலங்கள் நான் கொண்டுவருவேன். தேநீரைத் திடலுக்கே கொண்டுவருவதாக அவர் கூறியுள்ளார்.