கடல் கடந்த சமையற்கட்டு

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

விவிலியத்தில் எண்ணிக்கை நூலின் பதினோராம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. எகிப்தின் அடிமைத்தளையினின்று மீண்டு பாலைநிலத்தில் நடந்து சென்ற இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா கிடைத்தது. ஆயினும் அவர்கள் மனம் நிறையவில்லை. எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். சாட்டையடி பட்ட நாட்டின் வெங்காயத்துக்காகவா ஒருவர் அழுவார்? அழுவார். பழகிய சுவை மனிதனை அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறது.

நம் செட்டிநாட்டில் பல வீடுகளிலிருந்து ஒருவராவது கடல் கடந்து சென்றிருக்கிறார். அவர்கள் அங்கே எதைத் தேடினார்கள், எதைக் கண்டார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்பதை எங்கள் வகுப்பு மாணவியர் சிலர் சேர்ந்து படித்தும், பெரியவர்களைக் கேட்டும் அறிந்தோம். அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கொண்டுவிக்கச் சென்றவர்கள்

நகரத்தார் அயல்நாட்டுக்குத் தொழில் செய்யப் போவதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். 1852-ல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை உண்டாயிற்று. காடு திருத்தி நெல் விதைக்க உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்க நம்மவர்கள் ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் சென்றார்கள். பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு ஆகிய ஊர்களிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. சிங்கப்பூர்த் தண்டாயுதபாணி கோயில் 1859-ல் அவர்கள் எழுப்பியது.

பெரும்பாலும் ஆண்களே சென்றார்கள். மூன்றாண்டுத் தவணை முடிந்தே ஊர் திரும்புவார்கள். ஆச்சிமார் பெரிய வீடுகளைக் காத்துக்கொண்டு இங்கேயே இருந்தார்கள். கப்பலேறும்போது வற்றல், வடகம், ஊறுகாய், பருப்புப் பொடி, மிளகாய்த்தூள் எனக் கெட்டுப்போகாத பண்டங்கள் உடன் சென்றன. ஆனால் மூன்றாண்டுக்குப் போதுமான ஊறுகாயை யார் சுமக்க முடியும்? அந்த மண்ணில் கிடைப்பதைக் கொண்டுதான் நம் சமையலைச் செய்தாக வேண்டும்.

தேடியதும் கிடைத்ததும்

பர்மாவில் தேடல் அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. பர்மியரும் புளி சேர்த்துச் சமைப்பவர்கள். எள் அங்கே மிகுதியாக விளைகிறது. ஆகவே நல்லெண்ணெய்க்குக் குறைவில்லை. முருங்கையும் வாழையும் தென்னையும் உண்டு. நாம் புளிச்சகீரை என்பதை அவர்கள் 'சின்பாங்' என்று அழைத்து விரும்பி உண்கிறார்கள். பெயர் தெரியாதவருக்கு அது அயல்நாட்டுக் கீரை. கிள்ளி வாயில் வைத்தவருக்கு அது சொந்த ஊர்க் கீரை!

துவரையும் உளுந்தும் பர்மாவில் விளைந்தன. இன்றும் விளைகின்றன. 2021-ல் இந்தியாவும் மியான்மரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தையும் 1 லட்சம் டன் துவரையும் அங்கிருந்து வாங்க நம் நாடு ஒப்புக்கொண்டது. நாம் காலையில் உண்ணும் இட்லியில் பர்மா உளுந்து கலந்திருந்தாலும் வியப்பதற்கில்லை.

அங்கிருந்து வந்தவை

சென்றவர்கள் திரும்பி வந்தபோது தேக்கும் மங்குச் சாமானும் மட்டும் வரவில்லை. புதிய பண்டங்களும் வந்தன. அவற்றுள் நான்கினை மட்டும் காண்போம்.

முதலாவது கவுனி அரிசி. பர்மியர் விரும்பி உண்ணும் இந்தக் கறுப்பு ஒட்டரிசி நம் செட்டிநாட்டுத் திருமணப் பந்தியில் இனிப்பாக இடம்பெற்றுவிட்டது. இரவு முழுவதும் ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்க்க வேண்டும். ஊறிய நீர் ஊதா நிறமாவதற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. நாவற்பழத்தின் தோலுக்கும் நிறம் தருவது அதே வகை நிறமிதான்.

இரண்டாவது கடற்பாசி. மலாய் மொழியில் இதன் பெயர் 'அகர் அகர்'. நீரில் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் தானே உறைந்துவிடும். நம் இஸ்லாமியத் தோழியர் வீடுகளில் நோன்புக் காலத்தில் தவறாமல் இருக்கும் பண்டம் இது. இதில் அறிவியல் பாடமும் ஒன்று உண்டு. 1881-ல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸெ என்னும் ஆய்வாளர் ஜெலட்டின்மீது நுண்ணுயிர்களை வளர்த்தபோது, வெயிற்காலத்தில் அது உருகி ஓடியது. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸெ தம் சமையற்கட்டில் பயன்படுத்திய அகரைச் சேர்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த டச்சுக்காரர் குடும்பம் ஒன்றிடமிருந்து அவர் அதை அறிந்திருந்தார். இராபர்ட் காக் காசநோய்க் கிருமியை ஆராய்ந்த காலத்தில் அகர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது, இன்றுவரை வெளியேறவில்லை. இன்னொரு வியப்பு: அகர் எடுக்கும் பாசிகள் நமக்கு அருகில், மண்டபம் கடற்கரையிலேயே வளர்கின்றன. அவற்றுள் ஒன்றை அங்குள்ளோர் 'கஞ்சிப் பாசி' என்கிறார்கள். மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மலாய் நாட்டுப் பண்டம் என்று நாம் எண்ணியது நம் வாசலிலும் இருந்திருக்கிறது!

மூன்றாவது அன்னாசிப்பூ. பெயர்தான் பூ; உண்மையில் அது ஒரு மரத்தின் உலர்ந்த காய். தென்சீனமும் வட வியட்நாமும் அதன் தாயகம். செட்டிநாட்டுக் கோழிக் குழம்பின் மணத்தில் அதற்குப் பெரும் பங்குண்டு. சைகோன்வாசிகள் சூப்பில் போடும் பொருளைத்தான் நாம் நம் குழம்பில் போடுகிறோம்.

நான்காவது சவ்வரிசி. மலேயத் தீவுகளில் வளரும் சேகோ பனையின் தண்டிலுள்ள சோற்றைக் கரைத்து எடுக்கும் மாவிலிருந்து செய்யப்பட்டு, கப்பலில் நமக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நின்றன. பாயசத்துக்குச் சவ்வரிசி இல்லை. 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். வழி அடைபட்டபோது மாற்றுப் பொருள் பிறந்தது. இன்று நாம் உண்பது அந்தக் கிழங்குச் சவ்வரிசியே.

திரும்பியவர்களின் தேடல்

இதுவரை சொன்னது இனிய கதை. இனிச் சொல்லப்போவது அவ்வாறன்று.

1930-களில் உலகெங்கும் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலை வீழ்ந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. நிலம் இழந்தவர்கள் மனம் கசந்ததில் வியப்பில்லை. அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து தாயகம் நோக்கிப் புறப்பட்டார்கள். பல ஆயிரம் பேர் வழியிலேயே மாண்டார்கள். 1964-ல் பர்மிய இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபின், மீண்டும் ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. பணமும் நகையும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் வட்டித்தொழில் செய்தவர்கள் அல்லர். கூலிகள், சிறு கடைக்காரர்கள், தொழிலாளிகள்.

பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். தமிழ்நாடு அவர்களுக்குத் தாயகம். ஆனால் பார்த்தறியாத ஊர். அங்கே 'கலா' என்று அழைக்கப்பட்டவர்கள் இங்கே 'பர்மாக்காரர்' ஆனார்கள். நம் காரைக்குடியின் பர்மா காலனி என்னும் பெயரே அந்தக் கதையைச் சொல்லும். எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தா ஏழு வயதில் அவ்வாறு வந்தவர். வந்த புதிதில் அவருடைய தாயார் கடைத்தெருவில் தேடியது பட்டாணி மாவையும் கோதுமை நூடுல்ஸையும் என்றார். இங்கே அப்போது நூடுல்ஸை யார் கண்டார்கள்? மாவு பிசைந்து, கத்தியால் மெல்லிய இழைகளாக நறுக்கி, வேகவைத்துக் கொடுத்தாராம். எலுமிச்சைப் புல் கிடைக்காதபோது எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போட்டாராம். "அந்த ருசி வந்ததா, அப்பத்தா?" என்று கேட்டோம். பாதி வந்தது, மீதியை அழுது நிரப்பிக்கொண்டோம் என்று சொல்லிச் சிரித்தார்.

சென்னையில் அந்தத் தேடல் ஒரு தொழிலாகவே மாறியது. கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து வந்தவர்கள் வண்டிகளில் 'அத்தோ' விற்கத் தொடங்கினார்கள். நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் கலப்பது அது. கலவை என்னும் பொருளுள்ள பர்மியச் சொல்லே 'அத்தோ' ஆயிற்று. பர்மாவில் மீன் போட்டுக் காய்ச்சும் மொகிங்கா, இங்கே வாழைத்தண்டு சூப்பாகப் பலருக்கும் பழகிவிட்டது. வேறு சிலர் பர்மாவுக்கே திரும்ப விரும்பி நடந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இட்லியும் தோசையும் கிடைக்கின்றன. அங்காள பரமேசுவரி கோயிலும் இருக்கிறது.

இன்று செல்வோருக்குச் சில குறிப்புகள்

இன்று நம் அக்காமாரும் அண்ணன்மாரும் படிப்புக்கும் வேலைக்கும் உலகெங்கும் செல்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைக் கூறுகிறோம்.

1. பொருளைப் பெயரால் மட்டும் தேடாமல் பயிரால் தேடுக. முருங்கைக்கீரை பிலிப்பைன்ஸ்காரர் கடையில் 'மலுங்காய்' என்ற பெயரில் கிடைக்கும். புளியும் கொத்தமல்லியும் மெக்சிகோக்காரர் கடையிலும், சேப்பங்கிழங்கு சீனர் கடையிலும், வெண்டைக்காய் ஆப்பிரிக்கர் கடையிலும் கிடைக்கும்.

2. எந்தப் பொருள் எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்க. புளிப்பா, மணமா, கெட்டிப்படுத்துவதா? அது தெரிந்தால் மாற்றுப் பொருள் தானே தோன்றும்.

3. அந்நாட்டுச் சட்டத்தை மதித்திடுக. பச்சைக் கறிவேப்பிலையைப் பயணிகள் கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்குவதே காரணம். ஒரு கொத்து இலை ஒரு தோட்டத்தையே கெடுத்துவிடலாம் அல்லவா?

முடிவுரை

அன்பார்ந்த தோழியரே! நம் செட்டிநாட்டுச் சமையல் தொன்மையானது என்று பெருமைப்படுகிறோம். அதில் பர்மா நாட்டு அரிசியும், சீன நாட்டுக் காயும், மலாய் நாட்டுப் பாசியும் கலந்துள்ளன. அவை நம் ஆச்சிமார் கைப்பட்டு நம்முடையவை ஆயின. ஆகவே, வேற்றூரிலிருந்து நம் வகுப்புக்கு வரும் ஒருத்தி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, "இது என்ன நாற்றம்?" என்று மூக்கைப் பொத்தாதிருப்போம். "இது என்ன பண்டம்? எப்படிச் செய்வது?" என்று கேட்போம். சுங்கச் சாவடியில் பணத்தையும் பொன்னையும் பறித்துவிடலாம். நாவில் உள்ள நினைவை எவராலும் பறிக்க இயலாது. பர்மா காலனிகளில் உள்ள பாட்டிமார் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமையாகும்.