கைப்பேசியில் வீட்டு வரைபடம்

திருச்சிராப்பள்ளியில் பொறியாளர் வரைந்து முடிக்கும் வீட்டுப் படம், அடுத்த சில நிமிடங்களில் ஸ்ரீரங்கம் வட்டத்துக் கிராமமொன்றிலுள்ள கொத்தனாரின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. படத்தின் நகலுக்காகப் பஸ் ஏறி நகரம் சென்று காத்திருக்க வேண்டிய நிலை இன்று இல்லை. இவ்வசதியை நாம் வரவேற்கிறோம். ஆயினும் படம் விரைந்து வருவது மட்டும் போதாது. அதைப் பிழையின்றிப் படிக்கவும் வேண்டும்.

2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடியாகும். அரசு உதவி 3½ இலட்சம் ரூபாய். இத்தகைய சிறு வீட்டில் 20 அடி நீளமுள்ள சுவரொன்று அரை அடி உள்ளே தள்ளி எழும்பினால், 10 சதுர அடி இடம் குறைந்துவிடும். எழுப்பிய சுவரை இடித்துக் கட்டப் பணத்திற்கு ஏழைக் குடும்பம் எங்கே போகும்?

வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் முதலிய மென்பொருள்களில் வரையப்படும் டி.டபிள்யூ.ஜி. கோப்பு. இதைத் திறக்கக் கைப்பேசியில் தனிச் செயலி தேவை. படத்துடன் இணைக்கப்பட்ட துணைக் கோப்புகளோ எழுத்துருவோ வந்து சேராவிடில், சில கோடுகளும் குறிப்புகளும் தோன்றாமற் போகலாம். மற்றொன்று பி.டி.எஃப். கோப்பு. இஃது எந்தக் கைப்பேசியிலும் ஏறக்குறைய ஒரே வடிவில் தெரியும். ஆகவே, மாற்றம் செய்ய வேண்டிய பொறியாளர்கள் தமக்குள் முதல்வகையைப் பரிமாறிக்கொள்ளட்டும், கட்டுவோருக்குப் பி.டி.எஃப். கோப்பே ஏற்றது.

அடுத்து, அளவு. ஒன்றுக்கு நூறு என்ற விகிதம் தாளில்தான் பொருந்தும். கைப்பேசித் திரையில் படத்தை விரலால் பெரிதாக்கிய கணமே அவ்விகிதம் பொருளற்றதாகிறது. எனவே திரைமேல் அளவுகோலை வைத்து ஒருபோதும் அளத்தல் ஆகாது. படத்தில் எழுதப்பட்ட எண்களையே கொள்ள வேண்டும். அவை அடியா, மில்லிமீட்டரா என்பதையும் கேட்டுத் தெளிய வேண்டும். 1987இல் நிறைவுற்ற, 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கத்து இராஜகோபுரமாயினும், ஓரறை வீடாயினும், அளவே கட்டடத்திற்கு ஆதாரம்.

படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அதன் தெளிவு குறைந்து, சிறு எண்கள் மங்கும். 3 என்பது 8 ஆகத் தோன்றவும் கூடும். ஆவணம் என்ற பிரிவின் வழியே கோப்பாக அனுப்புதலே முறை. திருத்திய படம் ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியைக் குறிக்க வேண்டும். புதியது வந்ததும் கொத்தனார், தச்சர், மின்பணியாளர் அனைவரும் பழையதை அகற்றிவிட வேண்டும். ஒருவர் பழைய படத்தையும் மற்றொருவர் புதிய படத்தையும் பின்பற்றினால் கதவு ஓரிடத்திலும் நிலை வேறிடத்திலும் அமையும்.

2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. இம்முறையில் படம் சரியென்று உறுதி கூறும் பொறுப்பு மனுதாரரைச் சார்ந்ததாகும். ஆகையால் அனுமதி பெற்ற படமும் கொத்தனார் கையிலுள்ள படமும் ஒன்றேதானா என்று அடித்தளம் தோண்டுமுன் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.

இப்பணியில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பெரிதும் துணைபுரியலாம். அனுமதி பெற்ற படத்தின் அச்சுப் பிரதியொன்றைப் பணியிடத்தில் வைக்கச் செய்தல் வேண்டும். கைப்பேசி இல்லாதோரும் அதனைப் பார்த்து ஐயம் தீரலாம். நூல் பிடிக்கும் நாளன்று வீட்டுக்காரரும் கொத்தனாரும் உறுப்பினரும் கூடி, எண்களை உரக்கப் படித்துச் சரிபார்ப்பார்களாயின், ஒரு மணி நேர உழைப்பில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் காத்தவர்களாவார்கள்.